விடுவதற்கும் தெம்பு வேண்டும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் தசையைப் பற்றியவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். ஒன்று பள்ளி மாணவியுடையது, ஒன்று கறி வாங்கப் போனவருடையது, ஒன்று பாம்புக்கடி பற்றியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி இருந்தாலும் எல்லாப் பதில்களும் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. அதனால் மாணவியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி, திருவண்ணாமலை): தசை சுருங்க ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வேண்டும் என்று படித்தோம். அப்படியென்றால் ஏடிபி தீர்ந்துபோனால் தசை தொளதொளவென்று ஆகிவிட வேண்டும் அல்லவா? ஆனால் இறந்தவர் உடல் விறைத்துப்போவதற்குக் காரணமே ஏடிபி இல்லாததுதான் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், உங்கள் குழப்பமும் நியாயமானதுதான். பாடத்தில் சுருங்குவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டுத் தளர்வதைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள், அதில் வருகிற குழப்பம் இது. ஏடிபி முக்கியமாகத் தேவைப்படுவது பிடிப்பதற்கு அல்ல, விடுவதற்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு தசை நார் என்பது ஒரே ஒரு செல். தலைமுடி அளவுக்கோ அதைவிட மெல்லியதாகவோ இருக்கும், ஆனால் நீளம் சென்டிமீட்டர் கணக்கில் போகும். அதற்குள் நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்ற குட்டிக் குட்டிக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்தின் நீளம் சுமார் 2.2 மைக்ரோமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நாரில் இப்படி 40,000-க்கும் மேற்பட்ட கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் தடித்த இழைகள், அவை மயோசின். இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை மெல்லிய இழைகள், அவை ஆக்டின். தசை சுருங்கும்போது இந்த இரண்டில் எதுவுமே குட்டையாவதில்லை. மெல்லிய இழைகள் தடித்த இழைகளின் இடைவெளிக்குள் இன்னும் கொஞ்சம் நுழைகின்றன, அவ்வளவுதான்.

இன்று படிக்கும்போது எளிதாகத் தெரிகிறது. ஆனால் 1954 வரைக்கும் புரதம் தானே மடிந்து சுருண்டு குட்டையாகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது, இன்னொன்று ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது. இரண்டு குழுவும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது ஒன்றேதான்: தசை நாரில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும் அல்லவா, சுருங்கும்போது வெளுத்த பட்டை மட்டும் குறுகுகிறது, கறுத்த பட்டையின் அகலம் மாறவே இல்லை. தடித்த இழைகள் இருக்கும் இடம்தான் கறுத்த பட்டை. அது குறுகவில்லை என்றால் இழை மடியவில்லை, சறுக்கியிருக்கிறது. உங்கள் பாடத்தில் வரும் சறுக்கும் இழைக் கோட்பாடு பிறந்தது இப்படித்தான். ஒரு பட்டையின் அகலம் மாறவில்லை என்பதைக் கவனித்து இவ்வளவு பெரிய விஷயத்தைப் பிடித்தார்களே என்று எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

சரி, யார் இழுக்கிறார்கள்? ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். அந்தத் தலை பக்கத்தில் இருக்கும் ஆக்டின் இழையைப் பற்றிக்கொண்டு மடங்குகிறது. மடங்கும்போது இழை 5 முதல் 10 நானோமீட்டர் நகரும். பிறகு விட்டுவிட்டு நிமிர்ந்து, கொஞ்சம் தள்ளி அடுத்த இடத்தைப் பற்றும். கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள், பின்னால் போய்விட்ட ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் தண்ணீர் ஓரத்துக்கு வந்து மறுபடி பிடிப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள், அதனால் வலை பின்னால் நழுவாது. தசைக்குள் நடப்பதும் அதே. சில தலைகள் பிடித்திருக்கும்போது சில விட்டு நகர்கின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். ஆக்டினைப் பற்றி மடங்கி முடித்த மயோசின் தலை அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். தானாக விடாது. புதிதாக ஓர் ஏடிபி வந்து அந்தத் தலையில் உட்கார்ந்தால்தான் பிடி விடும். விட்ட பிறகு அந்த ஏடிபி உடைந்து, அதில் கிடைக்கும் ஆற்றலால் தலை நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகிறது. அப்புறம் பற்றுவது, மடங்குவது, மறுபடி அடுத்த ஏடிபிக்காகக் காத்திருப்பது. ஏடிபி வரவே இல்லை என்றால்? எங்கே பிடித்ததோ அங்கேயே நிற்கும். கோடிக்கணக்கான தலைகள் இப்படிப் பிடித்தபடி நின்றுவிடுவதுதான் மரண விறைப்பு. சாவு வீட்டில் பெரியவர்கள் முதல் வேலையாகத் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டுவதையும், இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். விறைப்பதற்கு முன்னால் செய்தால்தான் உண்டு, சில மணி நேரம் போய்விட்டால் வாயை மூட முடியாது. ஒன்றிரண்டு நாளில் அந்த விறைப்பு தானாகத் தளர்வது ஏடிபி திரும்பி வந்ததால் அல்ல, புரதங்களே சிதையத் தொடங்குவதால்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உயிரோடு இருக்கிற தசையில் ஏடிபி எப்போதும் இருக்கிறது, அப்படியானால் அது ஏன் சதா இழுத்துக்கொண்டே இருக்கவில்லை? ஆக்டின் இழையில் மயோசின் பற்ற வேண்டிய இடங்களை ட்ரோப்போமயோசின் என்ற நீண்ட புரதம் மூடிக்கொண்டு கிடக்கிறது. ட்ரோப்போனின் என்ற புரதத்தில் கால்சியம் போய் ஒட்டினால் அந்த மூடி நகரும். மூளையிலிருந்து வரும் உத்தரவு நரம்பு வழியாக வந்து, நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசைச் செல்லின் மேல்சவ்வில் மின் அலை ஓடி, அது உள்ளே குழாய்கள் வழியாக இறங்கி, கால்சியத்தைச் சேர்த்து வைத்திருக்கும் சார்கோபிளாச வலையைத் திறந்துவிடுகிறது. நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள், செல்லுக்குள் கால்சியத்தின் அளவு சுமார் நூறு மடங்கு ஏறிவிடும். கால்சியம்தான் சாவி என்பதை 1960-களில் டோக்கியோவில் அடித்துச் சொன்னவர் செட்சுரோ எபாஷி. இவ்வளவு சாதாரணமான ஓர் அயனியா இந்த வேலையைச் செய்கிறது என்று அப்போது பலரும் நம்பவில்லை. ட்ரோப்போனினைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

தளர வேண்டுமென்றால் வெளியே வந்த கால்சியம் முழுவதும் திரும்பவும் உள்ளே போக வேண்டும். தானாகப் போகாது. வலையின் சவ்வில் இருக்கும் பம்புகள் இரண்டு கால்சியத்துக்கு ஓர் ஏடிபி என்ற கணக்கில் செலவழித்து அள்ளி உள்ளே போடுகின்றன. தசை வேலை செய்யும்போது ஆகிற மொத்த ஏடிபி செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பம்புகளுக்கே போய்விடுகிறது. ஆக, தலை விடுவதற்கும் ஏடிபி, கால்சியம் திரும்புவதற்கும் ஏடிபி.

முன்பெல்லாம் மருத்துவக் கல்லூரி முதலாண்டில் தவளையின் கெண்டைத்தசையை வைத்து ஒரு சோதனை செய்ய வைப்பார்கள். புகைக்கரி படிந்த காகிதம் சுற்றிய உருளை மெதுவாகச் சுழலும், தசையோடு கட்டிய நெம்புகோலின் முனை அதில் கோடு கீறும். நரம்பில் திரும்பத் திரும்ப மின்தூண்டல் கொடுத்துத் தசையைக் களைப்படைய வைக்க வேண்டும். முதல் சில கோடுகள் 'சட்'டென ஏறிச் 'சட்'டென இறங்கும். களைப்பு வர வர, ஏற்றம் குறைவதைப் பார்க்கலாம். ஆனால் அதைவிட நன்றாகக் கண்ணுக்குத் தெரிவது இறக்கம்தான். இறங்குகிற கோடு சரிந்து, இழுத்து, நீண்டு, கடைசியில் பழைய மட்டத்துக்கே வராமல் அந்தரத்தில் நின்றுவிடும். களைத்த தசை இறுகுவதற்குத் திணறுவது மட்டுமல்ல, தளர்வதற்கும் திணறுகிறது என்பது கரியில் வெள்ளைக் கோடாகத் தெரியும். இப்போது தவளையை அறுப்பதை விட்டுவிட்டுக் கணினியில் காட்டுகிறார்கள், அது நல்லதுதான். நீங்கள் கல்லூரிக்குப் போனால் அந்த வரைபடத்தில் இறங்கும் பக்கத்தை மறக்காமல் பாருங்கள்.

ஒரு திருத்தம் மட்டும். உயிருள்ள தசையில் எவ்வளவு களைத்தாலும் ஏடிபி சுத்தமாகத் தீர்ந்துபோவதில்லை. கையிருப்பு முழுமூச்சு வேலைக்கு இரண்டு மூன்று நொடிதான் தாங்கும் என்றாலும், கிரியேட்டின் பாஸ்பேட், குளுக்கோஸ், கொழுப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அதுவும் முடியாமல் போவதற்கு முன்பே தசை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

கேள்வி (வாசகர், மதுரை): ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கறிக்கடையில் நிற்கும்போது, வெட்டிப் போட்ட துண்டு தானாகத் துடிப்பதைப் பார்த்தேன். உயிர் இருக்கிறதா என்ன? அப்புறம், அதே கறியை உடனே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சமைத்தால் ஏன் ரப்பர் மாதிரி இருக்கிறது?

பதில்: ஆட்டுக்கு உயிர் இல்லை, ஆனால் தசைச் செல்லுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்ற பிறகும் செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையை வைத்து அது ஏடிபி செய்துகொண்டிருக்கும், சவ்வின் மின்னழுத்தமும் முழுக்கப் போயிருக்காது. கத்தி பட்டாலோ உப்பு பட்டாலோ அந்த மின்னழுத்தம் குலைந்து, கால்சியம் வெளியே வந்து, துண்டு வெட்டி வெட்டி இழுக்கும். துடிக்கிற கறி புதுக்கறி என்பதற்கு அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதிலும் அந்தத் துடிப்பிலேயே இருக்கிறது. துடிக்கிற நிலையில், அதாவது ஏடிபி இன்னும் மிச்சம் இருக்கும்போது, கறியைச் சட்டென்று 10 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் கால்சியப் பம்புகள் குளிரில் மந்தமாகிவிடும், வலையிலிருந்து கால்சியம் கசியும். கால்சியமும் இருக்கிறது, இழுக்க ஏடிபியும் இருக்கிறது, கேட்க வேண்டுமா? தசை நன்றாகச் சுருங்கி, அந்த நிலையிலேயே விறைத்துவிடும். எலும்பிலிருந்து பிரித்த துண்டு என்றால் இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால் இன்னும் மோசமாகச் சுருங்கும். நேரே ஃப்ரீசரில் போட்டு உறையவைத்தீர்கள் என்றால், பிறகு அது உருகி இளகும்போது கால்சியம் மொத்தமாக வெளியேறி இன்னும் அதிகமாகச் சுருங்கும்.

அதற்காக நம் ஊர் வெயிலில் கறியை வெளியே வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், கெட்டுப்போகும். வாங்கிய அன்றே சமைப்பதுதான் நல்லது. வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எலும்போடு பெரிய துண்டாக வாங்கி, ஃப்ரீசரில் போடாமல் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். விறைப்பு முடிந்த பிறகு கறியில் இருக்கும் நொதிகளே இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து மெதுவாக்கும். அதற்கும் மசியாவிட்டால் குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட வேண்டியதுதான்.

கேள்வி (62 வயது வாசகி, கோயம்புத்தூர்): நடு ராத்திரியில் கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இறுகிக்கொள்கிறது. வாழைப்பழம் சாப்பிடு, உப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். மெக்னீசியம் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: அம்மா, இந்த வலி எவ்வளவு கொடுமை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். இதில் தசையின் மேல் தப்பு குறைவு. தசைக்கு உத்தரவு கொடுக்கிற நரம்பு, தேவையில்லாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருப்பதுதான் பிரச்சினை. கால்சியம் உள்ளே போவதற்குள் அடுத்த உத்தரவு, அது முடிவதற்குள் இன்னொன்று. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கெண்டைத்தசை ஏற்கெனவே குறுகிக் கிடக்கும், அந்த நிலையில் இது எளிதாகப் பற்றிக்கொள்ளும்.

பிடித்த உடனே செய்ய வேண்டியது: முழங்காலை நீட்டி, கால் விரல்களைக் கையால் பிடித்து முகத்தைப் பார்த்து இழுங்கள், அல்லது எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தரையில் அழுத்தி நில்லுங்கள். தசைநாண் இழுபட்டால் அங்கிருக்கும் உணர்விகள் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பி அந்த நரம்பை அடக்கும். படுக்கப் போகும் முன் இதே போல் சில நிமிடம் கெண்டைக்காலை நீட்டிப் பழகுங்கள். மெக்னீசியம் மாத்திரை வயதானவர்களின் கால் பிடிப்புக்குப் பெரிதாக உதவுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. வாழைப்பழம் சாப்பிடுங்கள், நல்ல பழம்தான், ஆனால் அதை மருந்தாக நம்ப வேண்டாம். அடிக்கடி வருகிறது என்றாலோ, சிறுநீர் பிரிய மாத்திரை எடுக்கிறீர்கள் என்றாலோ, சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் இவற்றில் ஏதாவது தொந்தரவு இருந்தாலோ டாக்டரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பலர் சின்ன விஷயம் என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (ஐடி ஊழியர், சென்னை): வெள்ளியங்கிரி ஏறி இறங்கி வந்த மறுநாள் தொடை அசைக்க முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கியதாலா?

பதில்: இல்லை. லாக்டிக் அமிலம் ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும், மறுநாள் வலிக்க அது அங்கே இருக்காது. இந்த வலி ஏறியதால் வந்தது அல்ல, இறங்கியதால் வந்தது. இறங்கும்போது தொடையின் முன்தசை உடல் எடையைத் தாங்கிப் பிடித்தபடியே நீள வேண்டியிருக்கிறது. பிடித்திருக்கும் தலைகளை வெளியிலிருந்து வலுக்கட்டாயமாகப் பிய்ப்பது போன்ற வேலை அது, சில சார்கோமியர்கள் தாங்காமல் கிழிந்துவிடும். அதைச் சரிசெய்யும் வேலை நடக்கும்போது ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை வலிக்கும். மெதுவாக நடங்கள், தானாகச் சரியாகும். அடுத்த முறை இதே அளவு வலிக்காது. சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி (வாசகர், தர்மபுரி): கட்டுவிரியன் கடித்தால் வலியே இருக்காது, ஆனால் இமை மூடிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும் என்கிறார்களே, விஷம் தசையை என்ன செய்கிறது?

பதில்: தசையை ஒன்றுமே செய்யாது, கொடுமை அதுதான். கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பு முனையை. அசிட்டைல்கோலின் சுரக்கிற இடமே அழிந்துவிடுவதால் தசைக்கு உத்தரவு வருவதில்லை. கால்சியம், ஏடிபி எல்லாம் தயாராக இருக்கும், கூப்பிட ஆள் இருக்காது. முதலில் இமை தொங்கும், அப்புறம் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். தரையில் படுத்துத் தூங்குபவரை ராத்திரியில் கடித்துவிட்டுப் போய்விடும், கடிவாய் கண்ணுக்கே தெரியாது. காலையில் வயிற்று வலி, இமை சொருகல் என்று எழுந்தால் வீட்டில் கைவைத்தியம் பார்க்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விஷமுறிவு மருந்தைச் சீக்கிரம் போட்டால்தான் பயன், நரம்பு முனை அழிந்த பிறகு அதை மருந்தால் மீட்க முடியாது. ஆனால் புதிய முனை வளரும். அது வரைக்கும் வென்டிலேட்டரில் மூச்சைக் காப்பாற்றி வைத்தால் ஆள் முழுசாகப் பிழைத்து வருவார், ஏனென்றால் தசை கெடவில்லை.

பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் இதற்கு நேர் எதிராக நடக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். உத்தரவு வந்துகொண்டே இருக்கும், தசை வெடவெடவென்று துடித்துத் துடித்துக் கடைசியில் செயலிழக்கும். வெறும் உடம்போடு தெளிப்பான் அடிக்கிறவர்கள் தோல் வழியாகவும் இது ஏறும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): எனக்கு 58 வயது. எக்கோ ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று போட்டிருக்கிறது. இதயம் பலவீனமா? தூக்கமே வரவில்லை.

பதில்: அந்த வரி சொல்வது, உங்கள் இதயம் இறுகிய பிறகு தளர்வதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான். இறுகும் பலம் வேறு கணக்கு, அதே ரிப்போர்ட்டில் 'ஈஎஃப்' என்று ஒரு சதவீதம் இருக்கும் (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையில் உள்ள ரத்தத்தில் எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கு), அதைப் பாருங்கள். 55-க்கு மேல் இருந்தால் பொதுவாக இறுகும் பலத்தில் குறை இல்லை.

இதயத் தசையிலும் அதே மயோசின், அதே ஆக்டின், அதே கால்சியப் பம்பு. ஒரு நாளைக்குச் சுமார் 1,00,000 தடவை கால்சியத்தை வெளியே விட்டு மறுபடி உள்ளே அள்ள வேண்டும். கெண்டைக்கால் மாதிரி அது பிடித்துக்கொண்டு நின்றுவிடாததற்குக் காரணம், அதன் ஒவ்வொரு மின் அலையும் கால் நொடிக்கு மேல் நீளுவது. அந்த நேரத்தில் அடுத்த உத்தரவை ஏற்காது, தளர்ந்த பிறகுதான் ஏற்கும். தளரும் அந்த இடைவெளியில்தான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்புகிறது, இதயத்தின் இடது கீழறைத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதும் அப்போதுதான்.

வயது ஏற ஏற இந்தத் தளர்ச்சி மந்தமாவது வழக்கம், உங்கள் வயதில் எக்கோ எடுக்கும் நிறையப் பேருக்கு கிரேடு 1 என்று வரும். அது மட்டும் இருந்து, மூச்சிரைப்போ கால் வீக்கமோ இல்லையென்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். வருஷக்கணக்கில் அழுத்தம் கூடியிருந்தால் இதயச் சுவர் தடித்து, தளர்வது இன்னும் கஷ்டமாகும். இந்த வரி வருவதற்கு வயதுக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் பார்க்கும் காரணம் அதுதான். சர்க்கரை, எடை இரண்டையும் பாருங்கள், தினமும் நடங்கள், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் ஒரு முறை போய் வாருங்கள். மாடி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சிரைப்பு வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ அன்றைக்கே போங்கள்.